டிரம்முக்குள் ஐந்து கம்பெனி

ஐந்து பிரைவேட் கம்பெனிகளை ஒரே மர டிரம்முக்குள் ஏற்றி, கதவைச் சாத்தி, எட்டு மணி நேரம் சுழற்றி, ஐந்தையும் உயிரோடு வெளியே எடுத்த ஆள் இந்த உலகத்தில் ஒருத்தர்தான். ஆம்பூர் கல்லூரியின் தோல் தொழில்நுட்பத் துறையில் ஆய்வக உதவியாளராக இருந்த கோவிந்தசாமி. இதை ஆம்பூர் நம்பும். பேரணாம்பட்டு நம்பும். வாணியம்பாடிக்குப் போய்ச் சொன்னால், அவர்களே இன்னும் இரண்டு கம்பெனியைச் சேர்த்து ஏழாக்கித் திருப்பி அனுப்புவார்கள். நம்பாத ஆள் ஒருவர் இருந்தார், லியாகத் அலி. அன்றைக்குப் பார்த்து, அவர் நம்பினால்தான் துறை பிழைக்கும் என்று ஆகிப்போனது.

துறை பிழைப்பதில் கோவிந்தசாமிக்கு என்ன வந்தது என்றால், அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதுவும் ஒன்றல்ல, இருபத்து மூன்று. பெண்பிள்ளைகளுக்கென்று அந்தத் தோல் படிப்பு தொடங்கிய வருஷம் ஒருத்திகூடச் சேரவில்லை. துறைத் தலைவர் அம்பிகா மேடம் வெறும் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோவிந்தசாமி சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் சகீனா வீட்டு வாசலில் மட்டும் பதினேழு முறை நின்றார். பதினெட்டாவது முறை சகீனா கதவைத் திறந்து, மகள் ஜஹீதாவைக் காட்டிக் கேட்டாள்:

"அண்ணா, உங்களை நம்பித்தான் அனுப்புறேன். காலேஜு இங்கயேதானே இருக்கும்? வேற ஊருக்குப் போவச் சொன்னா நான் அனுப்ப மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"நான் இருக்கற வரைக்கும் இங்கதாம்மா," என்றார் கோவிந்தசாமி.

இதே கேள்வி, இதே பதில், இருபத்து மூன்று வீட்டில். பிள்ளைகள் வந்தார்கள், படித்தார்கள். இரண்டாம் வருஷ நடுவில் பல்கலைக்கழகத் தலைமை வளாகத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒவ்வொரு துறையும் தன் கட்டடத்துக்குள்ளேயே குறைந்தது ஐந்து தனியார் கம்பெனிகளைக் குடிவைக்க வேண்டும். ஐந்தும் ஒரே நேரத்தில் இயங்குவதை ஒரு குழு கண்ணால் பார்க்க வேண்டும். இல்லையென்றால் துறை கணியம்பாடியில் இருக்கும் தலைமை வளாகத்தோடு இணைக்கப்படும். ஆம்பூரிலிருந்து கணியம்பாடிக்கு இரண்டு பஸ். இருபத்து மூன்று வீட்டிலும் கதவு சாத்தப்படும் சத்தம் கோவிந்தசாமிக்கு அப்போதே காதில் விழுந்தது.

அம்பிகா மேடம் ஆம்பூரில் பெயர்ப்பலகை மாட்டியிருந்த எல்லா இடத்துக்கும் கடிதம் எழுதினார். ஒரு பல் டாக்டர்கூட வருத்தம் தெரிவித்துப் பதில் போட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஐந்து சின்னக் கம்பெனிகள் சம்மதித்தன. ஷூ உள்துணிக்குப் பதிலாக வைக்கும் மெல்லிய தோல் செய்கிற சுஹேல் அகமது, கையுறை செய்கிற அன்பரசன், அப்புறம் ஒரு கைப்பைக்காரர், ஒரு பர்ஸ்காரர், ஒரு ஜாக்கெட்காரர். மேடத்தின் அழகான கடிதத்துக்காக யாரும் வரவில்லை. டிரம்முக்காக வந்தார்கள்.

தோலையும் மருந்தையும் போட்டுச் சுழற்றிப் பதப்படுத்தும் அந்த டிரம், மூடிப்போன ஒரு தோல் ஷாப், அதாவது பதனிடும் தொழிற்சாலை, தானமாகக் கொடுத்தது. மூன்று ஆள் உயரம். அதை முதலில் வைத்துவிட்டுத்தான் சுற்றிலும் கட்டடம் கட்டினார்கள். அதைச் சுற்றித்தான் ஆம்பூரையே கட்டினார்கள் என்று கோவிந்தசாமி சொல்வதுண்டு. பதப்படுத்தும் புது முறை ஒன்றைச் சோதிக்க, ஓடுகிற தொழிற்சாலையில் யாரும் டிரம்மைக் காலி செய்து தரமாட்டார்கள். இங்கே தருகிறார்கள். ஐந்து பேரும் சோதிக்க நினைத்தது ஒன்றைத்தான்: குரோம் உப்பு என்ற ரசாயனம் போடாமல் ஆட்டுத்தோலைப் பதப்படுத்துவது. வெளிநாட்டுக்காரன் அதைத்தான் கேட்கிறான். ஐந்து பேரிடமும் அதற்கு ஒரு ரகசிய பார்முலா இருந்தது.

துறையில் இருந்தது நாலு அறை. ஒரு கம்பெனி நூலகத்தில் பாதியைப் பிடித்தது. ஒன்று மாடிப்படிக்குக் கீழே. ஒன்று ஸ்டோர் ரூமில். ஒன்று தேர்வுத்தாள் அறையில். கைப்பைக்காரர் மேடத்தின் அறையிலேயே பீரோவுக்குப் பின்னால் மேசை போட்டார்; மேடம் விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டால்கூட பீரோவுக்குப் பின்னாலிருந்து இருமல் வந்தது. பிள்ளைகள் வராந்தாவில் உட்கார்ந்து பரீட்சை எழுதினார்கள். ஒவ்வொரு கம்பெனியும் கறுப்புத் துணியால் திரை கட்டியது. காற்றடித்தால் துறை முழுக்க மாட்டுக்கொட்டகைத் தார்ப்பாய் மாதிரி படபடத்தது.

டிரம்முக்கு அட்டவணை போட்டார்கள். திங்கள் சுஹேல், செவ்வாய் அன்பரசன், புதன், வியாழன், சனி மற்ற மூவர். வெள்ளிக்கிழமை யாருக்கும் இல்லை, அன்று ஐந்து கம்பெனிக்கும் வார லீவு. அன்பரசன் ஜும்மா தொழுகைக்குப் போகிறவர் இல்லைதான். ஆனால் சுற்றிலும் எல்லா மெஷினும் நின்றுபோன நாளில் அவர் மெஷின் மட்டும் ஓடி யாருக்கு என்ன லாபம்?

அவரவர் நாளில் அவரவர் வருவார்கள். வெளியே போ என்று கோவிந்தசாமியிடம் சொல்லிவிட்டு, திரைக்குப் பின்னால் நின்று, தாங்களே எடை போட்டுக் கொண்டுவந்த மருந்துப் பைகளைக் கொட்டுவார்கள். பையில் கம்பெனிப் பெயரெல்லாம் கிழிக்கப்பட்டிருக்கும். ஐந்து பேரும் தனித்தனியாகக் கோவிந்தசாமியிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். எட்டிப் பார்க்கமாட்டேன், மற்றவனுக்குச் சொல்லமாட்டேன். அவரும் ஐந்து சத்தியத்தையும் காப்பாற்றினார். அவர் எட்டிப் பார்க்கவே இல்லை. வெளியே நின்று மோட்டார் சுவிட்சை மட்டும் போட்டு அணைத்தார்.

இப்படி எல்லாம் அமைந்து வந்த நேரத்தில்தான் அந்த போன் வந்தது. மேடம் வகுப்பில் இருந்தார். எடுத்தது கோவிந்தசாமி. தலைமை வளாகத்து ஆள் மரியாதையாகவே கேட்டார்: குழு வருவதற்கு எந்த நாள் உங்களுக்குத் தோது? வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எச்சில் தட்டை ஒதுக்கிவைத்து, தரையைத் துடைத்து வைப்பதுதானே முறை. கோவிந்தசாமி யோசிக்கவே இல்லை.

"வெள்ளிக்கிழமை வாங்க சார். அன்னைக்கு டிரம் காலியா இருக்கும். கழுவி பளிச்சுன்னு வெச்சிருப்பேன்."

சொல்லிவிட்டு, நல்ல காரியம் ஒன்றைத் தானாகவே செய்துவிட்ட பெருமையோடு போனை வைத்தார். மேடம் வந்ததும் சொன்னார். மேடம் டிரம் அட்டவணையை எடுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"கோவிந்தசாமி, ஊர்ல ஒரு கம்பெனியும் இல்லாத நாளா பார்த்து, கம்பெனியைப் பார்க்க வாங்கன்னு கூப்பிட்டீங்களா?"

அந்த நிமிஷம் அவருக்கு வியர்த்த வியர்வையில் பாலாற்றில் ஒரு அங்குலம் தண்ணீர் ஏறியது. பாலாற்றைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

நாளை மாற்றக் கேட்டு மேடம் போன் போட்டார். நாளைச் சொன்னதே நீங்கள்தான் என்றார்கள். அடுத்த சுற்று ஜூன் மாதம். இணைப்பு முடிவாவது பிப்ரவரியில். வியாழக்கிழமை காலை கோவிந்தசாமி சைக்கிளை எடுத்தார். ஐந்து கம்பெனிக்கும் போய், நாளை ஒரு மணி நேரம் மட்டும் எல்லாரும் சேர்ந்து வந்து நில்லுங்கள் என்று கெஞ்சினார். ஐந்து பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். லீவு நாள்கூடப் பெரிசில்லை. அந்த நாலு பேர் நிற்கிற இடத்தில் நான் என் மருந்துப் பையைக்கூடத் தொடமாட்டேன். டிரம் எனக்கு மட்டும் என்றால் சொல், சரக்கை அனுப்புகிறேன்.

சாயந்திரம் கோவிந்தசாமி பைபாஸ் ஓரம் சைக்கிளை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்தார். எதிரே ஷூ கம்பெனி விட்டு பஸ் பஸ்ஸாகப் பெண்கள் போனார்கள். அதில் ஒரு ஜன்னலில் சகீனா இருந்தாள். அவரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அதற்குமேல் அவரால் அங்கே உட்கார முடியவில்லை.

அவருக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளாகவே இருந்தது. எட்டிப் பார்க்காத மனுஷனுக்குக் காது இருக்கிறது, துடைப்பம் இருக்கிறது. சுஹேல் முதல் பையைக் கொட்டியதும் இருபது நிமிஷம் ஓட்டு என்பார். செவ்வாய்க்கிழமை அன்பரசனும் இருபது. இரண்டாவது பைக்கு நாற்பது. ஐந்து பேருக்கும் நாற்பது. மூன்றாவது பைக்கு முன்னால் ஐந்து பேரும் வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு வாளி கேட்டார்கள். சாயந்திரம் பெருக்கும்போது, மருந்துப் பையின் வாயைத் தைத்த பச்சை நூல் கிடக்கும். ஐந்து நாளும் அதே பச்சை. தெருமுனையில் ஒரு கெமிக்கல் ஏஜெண்டின் வேன் வாரத்துக்கு ஐந்து நாள் நிற்கும். ஒரே ஆள் ஐந்து பேரிடமும் போய், இது உங்களுக்கு மட்டும்தான் பாய், இது உங்களுக்கு மட்டும்தான் அண்ணே, என்று ஒரே பார்முலாவைக் கொடுத்திருந்தால்?

கொடுத்திருந்தால், என்றுதான் சொல்ல முடியும். கொடுக்காமல் இருந்து, ஐந்து பேர் சரக்கையும் ஒரே டிரம்மில் போட்டால் அத்தனை தோலும் நாசம். துறையும் போகும், அதற்குமுன் கோவிந்தசாமியும் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான்.

மறுபடி ஐந்து இடத்துக்கும் போனார். நாளைக்கு டிரம் ஓடும், சரக்கைக் கொடுங்கள், மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். உங்களுக்கு மட்டும் என்று அவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஐந்து பேரும் தலைக்கு இருபது ஆட்டுத்தோலும், எண் போட்ட ஐந்து பைகளும், எப்போது எதைக் கொட்டுவது என்று எழுதி ஒட்டிய கவரும் கொடுத்தார்கள். டிரம் பக்கத்தில் நின்று தனியாகப் பிரி என்றார்கள். எந்தத் தோல் யாருடையது என்பதற்கு, தோல் ஷாப் வழக்கப்படி, வால் ஓரத்தில் ஓட்டை குத்தியிருந்தது. சுஹேலுக்கு ஒன்று, மற்ற மூவருக்கு இரண்டு, மூன்று, நாலு. அன்பரசனுக்கு மட்டும் முக்கோணம்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நூறு தோலையும் டிரம்முக்குள் ஏற்றினார். ஐந்து கவரும் சட்டைப் பையில் இருந்தன. அதில் ஒன்றைக்கூட அவர் பிரிக்கவில்லை. பிரித்துப் பார்த்து, ஐந்தும் வேறு வேறாக இருந்துவிட்டால் சுவிட்சைப் போடக் கை வராது. காதில் இருந்த கணக்கை நம்பி, ஐந்து பேரின் முதல் பையையும் ஒன்றாகக் கொட்டி, கதவைச் சாத்தினார். டிரம் உருண்டது. உள்ளே தொம், தொம் என்று தோல் விழும் சத்தம் கேட்கக் கேட்க, இருபது, நாற்பது என்று நிமிஷத்தை எண்ணி, அடுத்தடுத்த பைகளையும் அதே மாதிரி ஐந்தைந்தாகக் கொட்டினார்.

பன்னிரண்டு மணிக்குக் குழு வந்தது. தலைவர் பேராசிரியர் சூரியபிரகாஷ், குறிப்பெடுக்க ஓர் அம்மா, தொழில்துறைப் பிரதிநிதியாக லியாகத் அலி. இந்த லியாகத் அலி முப்பத்தைந்து வருஷம் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் தோல் தரம் பிரித்தவர். அவர் கையில் தேறிய தோலை விரல் விட்டு எண்ணலாம். தன் கல்யாணத்துக்குச் செய்த செருப்பையே மூன்று முறை ரிஜெக்ட் பண்ணி, மாப்பிள்ளை ஊர்வலத்தில் வெறுங்காலோடு நடந்தவர்.

குழு மாடிப்படிக்குக் கீழே குனிந்து பார்த்தது. பீரோவுக்குப் பின்னால் பார்த்தது. கறுப்புத் திரையை ஒவ்வொன்றாக விலக்கியது. எல்லா இடத்திலும் போர்டு இருந்தது, நாற்காலி இருந்தது, ஆள் இல்லை. சூரியபிரகாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கம்பெனியெல்லாம் எங்கம்மா?" என்று மேடத்தைக் கேட்டார்.

கோவிந்தசாமி முன்னால் வந்து டிரம்மைக் காட்டினார்.

"அஞ்சு பேரும் உள்ளதான் இருக்காங்க சார்."

லியாகத் அலி டிரம் பக்கத்தில் வந்து நின்றார். காதைக் கொடுத்துக் கேட்டார். கீழே வடிந்த தண்ணீரை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"இன்னாப்பா சொல்றே? அஞ்சு பேரு சரக்கு, அஞ்சு பேரு மருந்து, ஒரே தண்ணியிலயா?"

"ஆமா பாய்."

"முப்பத்தஞ்சு வருசம் இந்தத் தொழில்ல இருக்கேன். திறக்கும்போது அது தோலா இருக்காது, கஞ்சியா ஊத்தும். நான் தொழுதுட்டு வர்றேன். என் முன்னாடி திறந்து காட்டு. நாங்க நிரப்ப வேண்டிய பாரத்துல ஆமா, இல்லைன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு. எதுல டிக் போடுவேன்னு உனக்கே தெரியும்."

அவர் மசூதிக்குப் போனார். சூரியபிரகாஷுக்கும் குறிப்பெடுத்த அம்மாவுக்கும் மேடத்தின் அறையில் பிரியாணி வைத்தார்கள். மேடம் சாப்பிடவில்லை. கோவிந்தசாமி டிரம்மை விட்டு நகரவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் தலைமுடி முழுக்க நரைத்துவிட்டது என்று சொல்வார்கள். காலையில் அதில் பாதிதான் நரைத்திருந்தது என்பதற்கு நேரில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வராந்தாவில் ஜஹீதாவும் மற்றப் பிள்ளைகளும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கம்கூடத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது அவருக்கு.

ஒன்றே முக்காலுக்கு லியாகத் அலி வெள்ளை ஜிப்பாவோடு திரும்பி வந்தார். டிரம் நின்றது. கோவிந்தசாமி கதவைக் கழற்றினார். அவசரத்தில் போல்ட்டு இரண்டு முறை கீழே விழுந்தது. தண்ணீர் கொட்டி ஜிப்பாவில் பாதி நனைந்தது, லியாகத் அலி நகரவில்லை. முதல் தோல் வழுக்கிக்கொண்டு வெளியே விழுந்தது. அது கஞ்சி இல்லை, தோல்தான்.

நூறு தோலையும் மேசையில் அடுக்கினார்கள். லியாகத் அலி கத்தியை எடுத்தார். ஒற்றை ஓட்டைத் தோலில் கழுத்துப் பக்கம், தோல் தடிப்பாக இருக்கும் இடத்தில், ஒரு கீற்று வெட்டி, மருந்து நடுவரைக்கும் ஏறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். ஏறியிருந்தது. இரண்டு ஓட்டை, மூன்று, நாலு, முக்கோணம் என்று வரிசையாக வெட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஏறியிருந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் முதல் முறையாக அவருக்கு ரிஜெக்ட் பண்ண ஒன்றும் கிடைக்கவில்லை. கத்தியைத் துடைத்து மேசையில் வைத்தார்.

"சரக்கு நல்லா இருக்கு," என்றார். கோவிந்தசாமிக்கு மூச்சு திரும்பி வந்தது. "அதனாலதான் நம்ப முடியலை. அஞ்சு பார்முலா கலந்தா அஞ்சும் ஒரே மாதிரி தேறாதுப்பா. இது ஒரே கம்பெனி சரக்கு. நீ உக்காந்து அஞ்சு விதமா ஓட்டை குத்தியிருக்கே."

திரும்பி வந்த மூச்சு போன வழியே போனது. கோவிந்தசாமியால் பதில் சொல்ல முடியும், பச்சை நூல், இருபது நிமிஷம், வெதுவெதுப்பான தண்ணீர் என்று. சொன்னால் ஐந்து சத்தியமும் போகும். ஐந்து பேரும் ஏமாந்தது ஊருக்கே தெரிந்துவிடும், அன்றைக்கே ஐந்து போர்டும் இறங்கிவிடும். சொல்லாவிட்டால் பொய்யன் என்று பெயர். எப்படிப் பார்த்தாலும் கணியம்பாடிதான். அவர் சட்டைப் பையிலிருந்த ஐந்து கவரையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் ஐந்து பேரும் வந்தார்கள், இரண்டு மணி என்றால் இரண்டு மணிக்கு. வாசலில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் ஐந்து பேருக்கும் முகம் மாறியது. உள்ளே வந்து குவியலைப் பார்த்தார்கள். அவரவர் ஓட்டையை அவரவர் விரலால் தடவிப் பார்த்தார்கள். என்னுடையது, என்றார் சுஹேல். முக்கோணம் என்னுடையது, என்றார் அன்பரசன். மற்ற மூவரும் அப்படியே. லியாகத் அலியின் புருவம் மேலே போனது. ஒரே கம்பெனிச் சரக்கு என்று அவர் சொன்னது அங்கேயே அடிபட்டுவிட்டது.

சுஹேல் அகமது கோவிந்தசாமி பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"யாரு பார்முலால ஓட்டினீங்க?"

கோவிந்தசாமி சட்டைப் பையிலிருந்து ஐந்து கவரையும் எடுத்து மேசையில் வைத்தார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

"யாருதும் பிரிக்கலைங்க. சத்தியம் பண்ணியிருக்கேன். வேணும்னா அவங்கவங்க கவரை அவங்கவங்களே பிரிச்சு சத்தமா படிங்க."

யாரும் கையை நீட்டவில்லை. மற்ற நாலு பேருக்கு நடுவில் தன் பார்முலாவைச் சத்தமாகப் படிக்க அவர்கள் என்ன பைத்தியமா? அப்போது லியாகத் அலி, நான் வெளியாள், எனக்கு இதில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை, நான் பார்க்கட்டுமா என்று கேட்டார். ஐந்து பேரும் யோசித்து, அல்லா மேல் ஆணையாக வெளியே சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு தலையாட்டினார்கள்.

அவர் ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முதல் கவரைப் பிரித்துப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதைப் படிக்கும்போது அவர் தோள் லேசாக ஆடியது. ஐந்தாவது முடிந்தபோது ஜிப்பா முழுக்கக் குலுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் சத்தம் ஒரு பொட்டும் வரவில்லை. நனைந்த ஜிப்பாவில் குளிர் ஏறிவிட்டது என்று மேடம் நினைத்தார். அவர் திரும்பியபோது முகம் நமாஸ் முடித்த முகம் மாதிரி அமைதியாக இருந்தது. கவர்களை அவரவரிடமே திருப்பிக் கொடுத்தார். கோவிந்தசாமியை ஒரு முறை பார்த்தார். கோவிந்தசாமி தரையைப் பார்த்தார்.

"இதுல ஒருத்தரோட பார்முலாதான் இந்த நூறு தோலையும் காப்பாத்தியிருக்கு," என்றார் லியாகத் அலி. "யாருதுன்னு நான் சொல்ல மாட்டேன். அவருக்கே தெரியும்."

ஐந்து பேரும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அன்பரசன் மெதுவாகச் சிரித்தார். சுஹேல் மற்ற நாலு பேரையும் பாவம் என்று பார்த்தார். என் மருந்தில் இவன்கள் சரக்கு தேறிவிட்டது, இனிமேல் இந்த டிரம்மை விட்டு ஓர் அடி நகர்ந்தாலும் மிச்சத்தையும் திருடிக்கொள்வான்கள் என்று ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரே முடிவுக்கு வந்தார்கள். அறையைக் காலி பண்ணும் எண்ணம் அன்றோடு யாருக்கும் இல்லை. கைப்பைக்காரர் அப்போதே போய்ப் பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

சூரியபிரகாஷ் பாரத்தை விரித்துப் பேனாவைத் திறந்தார். பிரதிநிதி சொன்னால்தான் கட்டத்தில் டிக் போட முடியும் என்றார். வராந்தாவில் இருபத்து மூன்று தலைகள் ஒரே சமயத்தில் ஜன்னல் பக்கம் திரும்பின.

லியாகத் அலி டிரம்மைப் பார்த்தார். தன் கையிலிருந்த ஐந்து தோல் கீற்றையும் பார்த்தார். அவற்றை மடித்து ஜிப்பா பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

"ஆமான்னு போடுங்க சார்," என்றார். "அஞ்சு கம்பெனியும் ஒண்ணா இதுக்குள்ள ஓடிச்சு. என் கண்ணால பார்த்தேன். நடந்துச்சு."